மேட்டில் நிற்காத வண்டி

"ஆட்டோமேட்டிக்னா ஆட்டோமேட்டிக்தான், அதுல ரகம் வேற பாக்கணுமா—"

"பாக்கணும்! பி எங்க? முதல்ல பார்க்கிங்குக்குப் போடுற பி-யைக் காட்டுங்க—"

"பி இல்லாட்டி வண்டி ஓடாதா?"

"ஓடும். நிக்குமான்னுதான் கேக்குறேன். அக்கா வண்டியில பி-ல போட்டா பாறை மாதிரி நிக்கும். இதுல கியர்ல ஆர், என், டி, அதோட சரி."

மனைவி கியர் கம்பியை மறுபடியும் தடவிப் பார்த்தாள், தடவினால் ஓர் எழுத்து முளைத்துவிடும் என்பதைப் போல. கட்டடத்தின் அடித்தள நிறுத்தத்திலிருந்து வண்டியைக் கிளப்பிச் சாய்தளத்தின் அடிவாரம்வரை வந்தாயிற்று. இனி ஏற வேண்டியதுதான் பாக்கி. மேலே, வெகு மேலே, கைக்குட்டை அகலத்துக்கு வெளிச்சம்.

வரும்போது ஓட்டி வந்தவர் கணவர். இப்போது அவர் பக்கத்து சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். மூன்றாவது மாடியில், போன மாதம் அவர் தனியாக வந்து பார்த்த அதே கண் டாக்டர் இன்று விட்ட சொட்டுமருந்தில் கண்மணி விரிந்து கிடந்தது. சாயங்காலம்வரை ஓட்டக் கூடாதாம். டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்டபோது, "ஒண்ணுமில்ல, வயசாயிடுச்சாம்" என்று லிஃப்டிலேயே பேச்சை முடித்துவிட்டார்.

மேடு என்றாலே அவளுக்கு ஆகாது. முன்பு அவள் ஓட்டிய வண்டி ஒரு மேட்டில் பின்னால் உருண்டு, பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரரின் கால் எலும்பை முறித்த நாளிலிருந்து அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அக்காவின் வண்டியை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் உயிர் வந்தது. பிரேக்கை விட்டாலும் மேட்டில் பதுங்கி நிற்கிற வண்டி அது. "அது மாதிரி இருந்தா ஓட்டுறேன், இல்லன்னா ஆளை விடுங்க" என்றிருந்தாள். போன வாரம் இந்தக் குட்டிக் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது.

"வரும்போதே பாத்தேன், ஒவ்வொரு கியருக்கும் வண்டி தலையாட்டுச்சு. அக்கா வண்டி வெண்ணெய் மாதிரி போகும்."

"பழைய வண்டி, தலையாட்டாம என்ன செய்யும்? நான்கூடத்தான் நீ சொல்றதுக்கெல்லாம் ஆட்டுறேன்."

அவள் சிரிக்கவில்லை. முன்சக்கரம் சாய்வில் ஏறியதும் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை மெல்ல விட்டாள்.

வண்டி பின்னால் நழுவியது. ஒரு சாண் இருக்கும். பிரேக்கை ஓங்கி மிதித்தாள். பின்னால் ஒரு ஹாரன்.

"பாத்தீங்களா?"

"கொஞ்சம்தானே..."

"அன்னைக்கும் கொஞ்சம்தான்!"

அவருடைய போனை எடுத்தாள்.

"யாருக்குப் போடுற? வண்டி வித்தவருக்கா? அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? குடு இங்க."

திரையில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. நீட்டிய கை காற்றில் துழாவியது. அதற்குள் ஸ்பீக்கரில் வண்டியை விற்ற தாடிக்காரர், கணவரின் ஆபீஸ் தோழர், வந்துவிட்டார்.

"என்ன அண்ணி, வண்டி எப்படி?"

"தம்பி, இது என்ன கியர்?"

"சாதாரண கியர்பாக்ஸ்தான் அண்ணி. கிளட்சை மட்டும் மிஷினே மிதிச்சுக்கும். மேட்டுல ஹேண்ட் பிரேக் போட்டு எடுங்க, இல்லன்னா பின்னாடி உருளும். அண்ணன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! வேற ரகம் வேணும்னா ஒரு மாசம் பொறுங்கன்னேன். அண்ணன்தான் கேக்கல. 'அவ உடனே ஓட்டிப் பழகணும், நாள் இல்ல'ன்னாரு."

அவள் போனை வைத்தாள். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

மறுபடியும் ஹாரன். அவள் ஹேண்ட் பிரேக்கைப் பலமாக இழுத்துவிட்டு இறங்கிப் பின்னால் ஹாரன் அடித்த கார்க்காரரிடம் போனாள்.

"அண்ணே, இது உருளுற வண்டி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"எவ்வளவு தள்ளிம்மா?"

"உங்க வண்டி மேல உங்களுக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு."

அவர் மளமளவென்று பின்னால் போனார்.

திரும்பி வந்து டி-யில் போட்டாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே ஆக்சிலரேட்டரை அழுத்தினாள். இன்ஜின் உறுமியது. எதுவும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினாள். வண்டியின் மூக்கு லேசாக நிமிர்ந்தது. இதுதான், இப்போதுதான். கைப்பிடியைத் தாழ்த்தினாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, தலையாட்டி, ஏறியது. கணவர் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

வெளியே வெயில். சாலையோரம் சமதளமாகப் பார்த்து நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கைப் போட்ட பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"பாத்தியா, ஏத்திட்டியே" என்றார் அவர், அவள் இருக்கும் திசைக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்து.

"நாள் இல்லன்னு ஏங்க சொன்னீங்க? உங்க கண்ணைப் பத்தி டாக்டர் நிஜமா என்ன சொன்னார்?"