லேகா வீட்டுக் கல்லின் அடிப்பக்கம்

1

இந்தக் கதை என் பேராசையில் பிறந்தது. கேரள எல்லையோரம் காரோடு என்ற ஊரில் ஒரு வீட்டுக் கூரையை உடைத்துக்கொண்டு விண்கல் விழுந்திருப்பதாக வாட்ஸாப்பில் செய்தி வந்தது. பாறசாலையில் பஸ் ஏறும்போதே மூன்று தொடக்கங்கள் என்னிடம் தயார்.

'நானூறு கோடி ஆண்டுகள் அலைந்த அந்தக் கல், கடைசியில் ஒரு சமையலறையை' [சமையலறை இல்லை, படுக்கும் அறை. நேரில் பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன்.]

'ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களுக்கு' [எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.]

மூன்றாவது ஒரு கணக்கு. அதை விட மனமில்லை.

2

2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. ஹிரோஷிமா குண்டைவிட ஏறக்குறைய முப்பது மடங்கு ஆற்றல். சுமார் ஆயிரத்தைந்நூறு பேருக்குக் காயம், பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடியால். சாவு ஒன்றுகூட இல்லை! ஹிரோஷிமாவிலோ 1945 முடிவதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர்.

விண்கல் வெடித்தது சுமார் முப்பது கிலோமீட்டர் உயரத்தில். குண்டு வெடித்தது அறுநூறு மீட்டரில். எந்த உயரத்தில் வெடித்தால் அதிக வீடுகள் சரியும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார்கள். விண்கல்லுக்கு அப்படிக் கணக்குப் போட ஆளில்லை. 2022இல் ஒரு விண்கலத்தை மோதவிட்டு ஒரு சிறுகோளின் பாதையைக்கூட மாற்றியிருக்கிறோம். ஏவிய அணு ஏவுகணையைத் திரும்ப அழைக்க மட்டும் இன்னும் வழியில்லை. [இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் உயர்ந்துவிடும். இங்கேயும் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.]

3

லேகாவின் வீடு ஓட்டு வீடு. கூப்பிடு தூரத்தில் ஒரு குவாரி. வெடிமருந்து வைக்கப் பாறையில் துளை போடும் வேலை அவள் கணவன் ஷிஜுவுக்கு. கல் விழுந்தபோது அவர்களுடைய மூன்று வயது மகள் அங்கன்வாடியிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. உடைந்த ஓடுகள் கிடந்தது அவள் பாயின் மேல்.

"கல் எங்கே?" என்றேன்.

லேகா கூரையைக் காட்டினாள். ஓட்டைமேல் தார்ப்பாய் விரித்து, அது பறக்காமலிருக்க அந்தக் கல்லையே தூக்கி வைத்திருந்தார்கள். விண்வெளியிலிருந்து வந்த விருந்தாளிக்கு இந்த வேலை!

"மழை வந்தா ஒழுகுமே சாரே. கையில கிட்டுன கல்லு அதாக்கும்."

"மானத்துல இருந்து விழுந்தது," என்றான் ஷிஜு. "குவாரிக் கல்லு இம்புட்டு தூரம் வராதுன்னு மேனேஜர் சொல்லியாச்சு."

"மேனேஜருக்க பிள்ளையா இந்தப் பாயில கெடக்குது?"

"எடி, சாருக்கு சாயா போடு."

"பாலு இல்ல. அதுவும் மானத்துல இருந்து விழட்டும்."

ஷிஜு ஏணி வைத்துக் கல்லை இறக்கி, முற்றத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தான். நான் புரட்டினேன். அடிப்பக்கத்தில் ஒரு பள்ளம், முனையிலிருந்து முனைவரை நேராக, வழவழப்பாக, ஒரு குழாயை நெடுக்கப் பிளந்ததுபோல. துளையெந்திரத்தின் தடம். வானத்தில் யாரும் இப்படித் துளை போடுவதில்லை.

[இங்கே நோட்டை மூடிவிட்டேன். அரை நிமிடம்தான்.]

ஷிஜு பள்ளத்தில் விரலை ஓட்டினான். "எனக்க துளையாக்கும்," என்றான்.

4

முதல் வரைவில் ஷிஜுவை முதலாளியின் ஆளாக எழுதியிருந்தேன். சாயங்காலம் வாசித்துக் காட்டியதும் லேகா கோபப்பட்டாள்.

"அவருக்கு மொதலாளிக்க மேல பாசம் ஒண்ணும் இல்ல சாரே. பயம். நாப்பது பேருக்கு அங்க வேலை உண்டு, எனக்க தம்பிக்கும். அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். மறுநாள் பதினோரு மணிக்குக் கல்லைப் பார்க்க வில்லேஜ் ஆபீசர் வருகிறார். துளையைப் பார்த்தால் குவாரியை நிறுத்துவார். பார்க்காவிட்டால் வழக்கம்போல நாலு மணிக்கு வெடி வைக்கும் சைரன் ஊதும். பாயை நகர்த்த அந்த வீட்டில் வேறு அறை இல்லை.

முடிவு ஒன்று: ஷிஜு கல்லைக் கிணற்றில் போடுகிறான். [சினிமா.]

முடிவு இரண்டு: பரிசோதனையில் அது விண்கல்லேதான் என்று [நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.]

முடிவு மூன்று: லேகா துணிந்து [அவள் என்றைக்கோ துணிந்துவிட்டாள். சிக்கல் அவளிடம் இல்லை.]

குவாரி வெடிமருந்து ஆயுதமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆயுதத்தைப் போலவே அதற்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறான், பசிக்கும்போது வீட்டுக்கு வருகிறான். விண்கல்லிடம் 'வேண்டாம்' என்று சொல்லிப் பயனில்லை. அவனிடம் சொல்லிப் பார்க்கலாம்! எனக்கு இது விண்கல்லைவிடப் பெரிய செய்தி.

5

பதினொன்று. ஜீப் வந்து நிற்கிறது. கல் ஸ்டூலில் இருக்கிறது, துளை அடியில்.

"நீ பொரட்டுதியா?" என்கிறான் ஷிஜு.

"நீங்க போட்ட துளை. நீங்களே பொரட்டுங்க."

"வேலை போச்சுன்னா?"

"வேற வேலை தேடலாம். வேற பிள்ளைக்கு எங்க போவ?"

ஆபீசர் முற்றத்துக்குள் வருகிறார். ஷிஜு இரண்டு கைகளையும் கல்லின்மேல் வைக்கிறான். எட்டுக் கிலோ இருக்கும். தினமும் இதைவிடக் கனமானவற்றைத் தூக்குகிறவன்.

இனி அவன் கையை நான் நகர்த்தினால் அது என் கை ஆகிவிடும். அதனால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். ஷிஜு நிமிர்ந்து, இந்தத் தாளுக்கு வெளியே நிற்கும் உங்களைப் பார்க்கிறான்.

"நீங்க சொல்லுங்க. பொரட்டட்டா?"