பிலோமி மலை ஏறிய நாள்

மலை ஏறுவது தனக்கு இவ்வளவு சுலபமாக வரும் என்று பிலோமி நினைக்கவில்லை. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு உயரம் என்றால் துறைமுகத்துக் கிரேன்கள்தான். ஆனால் காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைத் தலைக்கூடையில் சுமந்து நடந்து பழகிய கால்கள் அவளுடையவை. வெறும் கையோடு ஏறுவது அவளுக்கு விளையாட்டுபோல இருந்தது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் சிலர் மனைவிமாரோடு இலங்கைக்குச் சுற்றுலா வந்திருந்தார்கள். பிலோமியின் புருஷன் ஜெரி அவர்களில் ஒருவன். ஏற்பாடெல்லாம் மூத்த டிரைவர் யேசுதாஸ் செய்தது. கண்டியைப் பார்த்துவிட்டு எல்ல என்ற மலையூருக்கு வந்திருந்தார்கள். காலையில் குட்டி ஆதாம் மலை, மத்தியானம் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் பார்ப்பது என்று திட்டம்.

தேயிலைத் தோட்டத்தைத் தாண்டிப் படிகள் தொடங்கியதுமே ஜெரிக்கு மூச்சு வாங்கியது. நாள் முழுக்க வண்டியின் கேபினில் உட்கார்ந்திருக்கும் உடம்பு. காலையிலேயே ஹோட்டல் அறையில் குடித்தும் இருந்தான். அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு படிக்குப் படி உட்கார்ந்தான். பிலோமி மேலே போய்விட்டாள்.

"மாமு, உன் பொண்டாட்டி உச்சில கொடி நட்டுகினு கீது. நீ இன்னா இங்க படி தேச்சிகினு கீற?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். ஜெரியும் சிரித்தான். அந்தச் சிரிப்பை யேசுதாஸின் மனைவி எல்சி அடையாளம் கண்டுகொண்டாள். பிலோமி இருக்கும் தெருவில்தான் அவளும் இருக்கிறாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து என்ன சத்தம் வரும், தெருவில் யார் யார் டிவியை உரக்க வைப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பிலோமியை எச்சரிக்கலாம் என்று வேகமாக ஏறினாள்.

அதற்குள் பிலோமி முதல் முகட்டைத் தாண்டி, அடுத்த முகட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் நின்றிருந்தாள். இரண்டு பக்கமும் சரிவு. காற்று சேலையைப் பிடுங்கியது. எதிரே பெரிய மலை, நடுவில் வெறும் வானம். வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

எல்சி கிட்டே வருவதற்குள், பின்னாலேயே மூச்சிரைக்க ஏறி வந்த ஜெரி எல்சியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனான். கழியைக் கீழே போட்டான். பிலோமியின் கொண்டையைப் பிடித்துத் திருப்பி அறைந்தான். உதடு கிழிந்தது. இரண்டாவது அறையில் அவள் முழங்கால் மடிந்து கல்லில் விழுந்தாள். விழுந்தவளை இடுப்பில் உதைத்தான்.

"இன்னாமே, ஆம்பளைங்கள வுட்டுட்டு யாருக்கு ஷோ காட்டினுகீற?"

பின்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவன் பள்ளத்தாக்கைப் படம் எடுப்பதுபோல் திரும்பிக்கொண்டான். யேசுதாஸ் மட்டும் பேசினார்.

"ஜெரி, வெளியூரு வந்துகீறோம்பா. ரூமுக்குப் போயி பேசிக்க."

அடி வலித்ததைவிட அந்தப் பேச்சு பிலோமிக்கு வலித்தது. அடிக்காதே என்று அவர் சொல்லவில்லை. இங்கே அடிக்காதே என்றுதான் சொன்னார். கதவைச் சாத்திய பிறகு அந்த அறையில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கையை ஊன்றி எழுந்தபோது மூங்கில் கழி கைக்குக் கிடைத்தது.

முதல் அடி ஜெரியின் காதோடு விழுந்தது. அவன் திகைத்து நிமிர்வதற்குள் இரண்டாவது அடி தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவன் பின்னால் சாய்ந்தான், கால் பாதையைவிட்டு நழுவியது. சரிவில் உருண்டவன் ஒரு புல் கொத்தை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கினான். கீழே தேயிலை வரிசைகள் சீப்புப் பற்கள்போலத் தெரிந்தன.

இப்போது எல்லாருக்கும் வாய் வந்தது. கொலைகாரி என்றார்கள். புருஷனைக் கொல்கிறாளே என்றார்கள். பிலோமி கழியை ஓங்கியபடி மேலே நின்றாள். அவள் கண்ணுக்கு அந்த விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. ஒரு அடி போதும். அடிக்க வேண்டும் என்ற ஆசை, தாகம்போல அவள் தொண்டை வரை வந்தது.

"மே, தூக்கி வுடு," என்றான் ஜெரி.

அவள் கழியின் மறுமுனையை நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று அவளால் பிற்பாடும் சொல்ல முடியவில்லை. அது இரக்கம் இல்லை என்பது மட்டும் தெரியும். எல்சி அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, இருவருமாக அவனை இழுத்தார்கள்.

பாதைக்கு வந்தவன் முதலில் ஒரு கல்லை எடுத்தான். மண்டியிட்டபடியே பிலோமியின் நெற்றியில் அடித்தான். ரத்தம் கண்ணை மறைத்தது. மறுபடி கை ஓங்கியபோதுதான் யேசுதாஸ் அவன்மேல் பாய்ந்து கழுத்தோடு அமுக்கினார். வாழ்நாளில் முதல்முறையாக அவர் ஜெரியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

ஊருக்குள் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு, வழுக்கி விழுந்ததாக ஜெரி சொன்னான். பொண்டாட்டி அடித்தாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டிருந்த பிலோமி தலையைத் திருப்பினாள்.

"வழுக்கி வியல. நான்தான் அடிச்சேன். அது அடிச்சிச்சி, நான் திருப்பி அடிச்சேன்."

டாக்டர் போலீசுக்குச் சொல்லியனுப்பினார். தமிழ் தெரிந்த ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்தாள், தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பெண். முறைப்பாடு கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். புகாரைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று பிலோமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கொடுக்கிறேன் என்றாள். யார் பார்த்தது என்று கான்ஸ்டபிள் கேட்டபோது வராந்தாவில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். யேசுதாஸ் எல்சியின் கையை அழுத்தினார். எல்சி கையை உருவிக்கொண்டாள்.

"நான் பாத்தேன். இன்னிக்கி மட்டும் இல்ல. எங்க தெருவே பாத்துகினுதான் கீது."

கான்ஸ்டபிள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். உங்கள் ஊரிலும் போய்க் கொடுங்கள், இங்கே எழுதியது அங்கே உதவும் என்றாள். ஜெரியைக் கட்டுப்போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். யேசுதாஸ் துணைக்கு இருந்தார். ஊர் சுற்ற வந்த இடத்தில் இப்படிப் பேஜாராகிவிட்டதே என்று மற்றவர்கள் முணுமுணுத்தபடி, பாலத்தையாவது பார்த்துவிடலாம் என்று வேனில் ஏறினார்கள். பிலோமியும் எல்சியோடு போய் ஏறினாள். பக்கத்தில் இருந்தவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ரயில் தாமதமாகத்தான் வந்தது. காத்திருந்த நேரத்தில் எல்சி வேகவைத்த சோளம் வாங்கி வந்தாள். கிழிந்த உதட்டில் உப்புப் பட்டு எரிய, பிலோமி ஒவ்வொரு மணியாகப் பிய்த்துத் தின்றாள். அவனை அடித்தது பிடித்திருந்தது என்பதுதான் தனக்குப் பயமாக இருப்பதாக எல்சியிடம் சொன்னாள். எல்சி அவள் உதட்டில் பட்ட உப்பைத் துடைத்துவிட்டாள்.

"ஏர்போர்ட்லந்து நேரா எங்கக்கா வூட்டுக்குப் போறேங்க்கா. மீஞ்சூருக்கு."

"துணிமணிலாம் வூட்ல கீதே?"

"அத்த நீதான் எட்தாந்து குடுக்கணும்."

எல்சி சரி என்றாள். காட்டுப் பக்கமிருந்து நீல ரயில் ஊதிக்கொண்டு வந்தது. பாலத்தில் நின்றவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள்.