சிறிதேவியின் இத்தாலிய உபசாரம்

“அவையளோடை ஒரே மேசையிலை இருந்து தின்ன என்னைக் கூப்பிடாதை எண்டு சொன்னனான்.”

“கத்தாதேங்கோ. மேல்வீட்டுப் பூமணிக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். அவவுக்குத் தெரியாமல் இந்த வீட்டிலை எது நடந்தது?”

பரமநாதன் சொன்னதும் உண்மைதான். அம்மருட் புறநகரின் அந்த அடுக்குமாடியில் அவர் வீட்டுச் சேதி லிஃப்டுக்கு முதலே மேலே போய்விடும். மகள் யதுர்ஷா இத்தாலிக்காரன் மத்தேயோவைக் கட்டப்போகிறாள். ஞாயிறு மதியம் அவன் தாய் தகப்பனோடு சாப்பிட வருகிறான். அப்பா மேசைக்கு வராவிட்டால் இனி இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். இவ்வளவும் ஊருக்கே தெரியும்.

அவர் மனிசி சிறிதேவி இத்தாலிய மொழி படிப்பது மட்டும் பூமணிக்கே தெரியாது. முதியோர் இல்லத்து வேலைக்குப் போகும் ரயிலில், காதில் வயரைச் செருகிக்கொண்டு, மூன்று கிழமையில் எட்டு வசனம் பாடமாக்கியிருந்தாள்.

ஒரு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். பரமநாதன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிறிதேவி போய்த் தட்டினாள்.

“இஞ்சேருங்கோ, வந்திட்டினம்.”

கதவு திறக்கவில்லை. அவள் திரும்பிவிட்டாள்.

சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் வைத்து, கரண்டியும் கையுமாக நின்று, “புவோன் அப்பெத்தீத்தோ” என்றாள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். ஒருவரும் கைவைக்கவில்லை. மத்தேயோவின் தாய் சில்வானா நீளமாக ஏதோ சொன்னாள். படித்த எட்டில் அது இல்லை.

“அம்மா, நீங்கள் இருந்தால்தான் சாப்பிடுவினமாம்.”

இருபத்தெட்டு வருடத்தில் புருசனுக்கு முதல் அவள் தட்டில் கைவைத்ததில்லை. கறி ஆறிக்கொண்டிருந்தது. அறைக் கதவை ஒருதரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு எல்லாம் வடிவாகத்தான் போனது. “அன்கோரா உன் போ?” என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் போடட்டா? சில்வானா போதும் என்றாள். முதலில் சொல்லும் ‘போதும்’ என்பதை யார் கணக்கில் எடுப்பது? இரண்டாந்தரமும் கேட்டாள், மூன்றாந்தரமும் கேட்டாள். சில்வானா சிரித்துக்கொண்டு தட்டை நீட்டினாள். அவள் புருசன் கிளாசைத் தூக்கி “சலூத்தே” என்றதும், சிறிதேவியும் தண்ணீர்க் கிளாசைத் தூக்கிச் சிரித்தாள்.

பரமநாதனைப் பற்றி விசாரித்தார்கள். இரவு வேலை, நித்திரை என்றாள் யதுர்ஷா. அந்த நேரம் பார்த்து அறைக்குள் நல்ல விழிப்பான இருமல் ஒன்று கேட்டது. எல்லோரும் தங்கள் தட்டையே பார்த்தார்கள்.

நாலு மணிக்கு வந்தவர்களோடு யதுர்ஷாவும் ஜாக்கெட்டைப் போட்டாள். போட்டு வாறன் என்று சொல்லவில்லை. “போறன் அம்மா” என்றாள்.

கதவு சாத்திய பிறகுதான் பரமநாதன் வெளியே வந்தார். அயன் பண்ணி மினுக்கிய நீலச் சேட்டு, தலை வாரி இழுத்திருந்தது.

சிறிதேவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “வெளிக்கிட்டு இருந்தனீங்களோ? பிறகேன் வரேல்லை?”

“அந்த மனிசியை மூண்டுதரம் கேட்டாய். என்னை ஒருதரம்.”

 சோறு போட்டு வைத்தாள். அவர் இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையைக் கழுவினார். மகளுக்குப் போன் எடுத்தார்கள், அவள் எடுக்கவில்லை.

யதுர்ஷா செப்டெம்பரில் இத்தாலியின் பொலோஞ்ஞாவில் பதிவுத் திருமணம் செய்து அங்கேயே இருந்துவிட்டாள். சிறிதேவி தனியாகப் போய் மூன்று நாள் நின்றுவிட்டு வந்தாள். பரமநாதனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். மனிசன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றே ஒரு வருடம். அடுத்த மாரிக்குளிர் வருமுன் இருவரும் மகள் வராத அந்த வீட்டை விற்றுவிட்டு, ஸ்ட்ரோம்மன் பக்கம் ஓரறை வீடொன்றுக்குப் போய்விட்டார்கள்.