ஒரே ஒரு முட்டைக் குவியல்

விருதுநகருக்கு வெளியே ஒரு பூச்சி ஆய்வுக்கூடத்தில் கற்பகவல்லிக்குப் புழு வளர்க்கிற வேலை. மக்காச்சோளத்தை அழிக்கும் படைப்புழுவை, அதைக் கொல்லும் மருந்துகளைச் சோதிப்பதற்காகவே அங்கே தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்தார்கள். ஐப்பசியில் அந்த அறைக்குள் ஏதோ நோய் புகுந்தது. ஒரே வாரத்தில் அத்தனை புழுக்களும் கறுத்துக் கூழாகிச் செத்தன. மறுபடி தொடங்க வயல் புழு வேண்டியிருந்தது.

ஏழாயிரம்பண்ணையில், பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவே இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருந்த செல்லத்தாயிடம் போனாள். அங்கே குருத்தெல்லாம் சல்லடையாகக் கிடந்தது.

"அம்புட்டையும் பிடிச்சிட்டுப் போங்க தாயி. கொண்டுபோயி கொளுத்துங்க."

"கொளுத்த இல்லக்கா. வளக்கப் போறோம்."

செல்லத்தாய் நிமிர்ந்தாள். "என்னது? சோறு போட்டா?"

"ஆமாக்கா. கடலை மாவும் ஈஸ்ட்டும் கடற்பாசியும் காய்ச்சி ஊத்துனா அல்வா மாதிரி உறைஞ்சிரும். அதத் தின்னு வளரும். எந்த மருந்துக்குச் சாகுதுன்னு அப்பத்தான் சோதிக்க முடியும்."

"என் வெள்ளாமையத் தின்னது பத்தாதுன்னு அல்வா வேறயா!" சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. "சரி, கொண்டு போங்க. ஆனா வளத்து என்ன செய்யுதீகன்னு நான் வந்து பாப்பேன்."

நூற்று நாற்பது புழுக்கள். ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தட்டில் தனித்தனிக் குழி. இலையிலேயே பிறந்து வளர்ந்தவை, மாவுக்கட்டியைத் தொடவில்லை. சுவரில் ஏறுவதும் விழுவதுமாக இருந்தன. மூன்றாம் நாள் பாதி செத்தது. கற்பகவல்லி சோள இலையை உலர்த்திப் பொடித்து மாவோடு கலந்து காய்ச்சிப் பார்த்தாள். சில கடித்தன. கூட்டுப்புழுவானவை பத்தொன்பது. அந்துப்பூச்சியாக வெளிவந்தவை பதினொன்று. அவற்றுக்குத் தேன்தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஐந்தாம் நாள் பூச்சிக்கூண்டுக்குள் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரே ஒரு முட்டைக் குவியல், சுண்டுவிரல் நகமளவு. இரண்டு நாளில் அது கறுக்கத் தொடங்கியதும் செல்லத்தாய்க்குப் போன் செய்தாள்.

"நாளைக்குக் காலையில பொரிக்கும்க்கா. வாறீகளா?"

செல்லத்தாய் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துசேர்ந்தாள். கற்பகவல்லி அவளை நுண்ணோக்கி முன் உட்காரவைத்தாள்.

"பஞ்சு மாதிரி மூடியிருக்கே, என்ன இது?"

"தாய்ப்பூச்சி தன் வயித்து ரோமத்தப் பிச்சுப் போத்திவிட்டுருக்கு."

"அது எங்க இப்ப?"

"செத்துப்போச்சுக்கா."

செல்லத்தாய் மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தாள். கண்ணாடி போன்ற ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு கறுப்புத் தலை அசைந்தது. ஒன்று முட்டையோட்டைக் கடித்துத் துளைத்தது. அடுத்தது, அதற்கடுத்தது. வெளியே வந்தவை தாம் இருந்த முட்டையோட்டையே முதலில் தின்றன. பிறகு கண்ணுக்கே தெரியாத நூல்விட்டுக் காகித விளிம்பிலிருந்து தொங்கின. கற்பகவல்லி மெல்ல ஊதினாள். அத்தனையும் காற்றில் ஒருசேர ஆடின.

"எம்புட்டுத் தாயி இருக்கும்?"

"நூத்தியறுபது, நூத்தியெழுபது."

"பூராத்துக்கும் வாயி இருக்கு, காலு இருக்கு, நூலுவிடத் தெரியுது..." செல்லத்தாய் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "யாரு சொல்லிக் குடுத்தா?"

தூரிகை நுனியில் ஒரு குஞ்சுப் புழுவை எடுத்து, தூரிகையை அவள் கையில் கொடுத்தாள் கற்பகவல்லி. மூச்சைப் பிடித்துக்கொண்டு செல்லத்தாய் அதை மாவுக்கட்டியின் மேல் இறக்கினாள். இரண்டு பெருமழை வெள்ளாமையைப் புரட்டிப்போட்டும் தளராதவள், அந்தப் புள்ளியளவு புழு தலையைக் கவிழ்த்துக் கடிக்கத் தொடங்கியபோது கண் கலங்கினாள். ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை.

"தின்னுது தாயி," என்றாள்.

தை பிறப்பதற்குள் அந்தக் குவியலிலிருந்து தட்டுத் தட்டாகப் புழுக்கள் பெருகிவிட்டன. சோதனையில் தேறிய ஒரு மருந்தை முதலில் தெளித்துப் பார்க்கச் செல்லத்தாய் தன் வயலில் அரை ஏக்கரை ஒதுக்கித் தந்தாள். மீதி நிலத்தில் இலையைத் திருப்பி முட்டைகளை நசுக்குவதை அவள் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் விரல் சற்று நின்றுதான் இறங்குகிறது.