பட்டன் போடும் காட்சி

வெள்ளிக்கிழமை படம் வெளியானது. மறுநாள் காலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மூன்று விமர்சனங்கள் வந்து சேர்ந்திருந்தன. ஒன்று பேப்பரில், மற்ற இரண்டும் என் வீட்டுக்காரரின் செல்போனில். மூன்றுமே என் மாமனாரின் வலது கையைப் பற்றித்தான் பேசின.

படத்தில் கதாநாயகன் இருக்கிறான், கதாநாயகி இருக்கிறாள், இடைவேளைக்கு முன்னால் ஒரு கப்பல் பற்றி எரிகிறது. அந்தக் கப்பலை ஒழுங்காக எரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படத்தின் எடிட்டர் நான். கப்பலைப் பற்றி ஒரு வரி, ஒரே ஒரு வரி, எந்தப் புண்ணியவானும் எழுதவில்லை. எல்லாரும் ஒரு வயதானவர் சட்டைக்குப் பட்டன் போடுவதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாமா நடிகர் இல்லை. பக்கத்துத் தெரு லேபில் ரத்தம் எடுப்பவர். அவர் விரல் பட்டாலே நரம்பு எழும்பிவிடும் என்பார்கள். யாரையும் இரண்டாவது தடவை குத்தியதாகச் சரித்திரமே இல்லை. அதனால் அந்த வட்டாரத்தில் அவருக்கு 'ஒத்தக்குத்து' என்றே பெயர். எங்கள் டைரக்டர் ஒரு நாள் காய்ச்சலோடு அங்கே போயிருக்கிறார். ஊசி போனதும் வந்ததும் தெரியாமல் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "உங்க மாமனாராமே? எனக்கு அந்த முகம் வேணும்" என்று என்னிடம் வந்து ஒற்றைக்காலில் நின்றார்.

ஒரே ஒரு காட்சிதான். சிறையில் இருக்கும் மகனைப் பார்க்கப் புறப்படும் அப்பா, கண்ணாடி முன்னால் நின்று புதுச் சட்டைக்குப் பட்டன் போடுகிறார். மேல் பட்டன் வரும்போது கை நெஞ்சின்மேல் அப்படியே தங்கிவிடுகிறது. தங்கிய கை நடுங்குகிறது. பிறகு பட்டனைப் பிடித்ததும் நடுக்கம் நின்றுபோகிறது. போட்டு முடித்துவிட்டு வெளியே போகிறார். வசனம் கிடையாது.

பேப்பர் விமர்சனத்தை அத்தை எங்கள் எல்லாருக்குமாக உரக்கப் படித்தார். "'அந்த நடுக்கம் ஒன்றுக்கே டிக்கெட் காசு தகும். கையைப் பேசவைக்கத் தெரிந்த இந்தக் கலைஞர் இத்தனை நாள் எங்கே இருந்தார்?' எங்க இருந்தாரு? பக்கத்துத் தெருவுல ரத்தம் எடுத்துக்கிட்டு இருந்தாரு!" என்று பேப்பருக்கே பதில் சொன்னார்.

இரண்டாவது ஆளை எல்லாரும் கூலிங்கிளாஸ் என்று கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். அவர் வீடியோவைப் பார்க்காமல் பாதிப் பேர் தியேட்டர் பக்கம் போவதில்லை. "பட்டன் போடறப்போ கை நிக்குதாம், சும்மா இருக்கறப்போ நடுங்குதாம்! நடுக்கத்தைக்கூட ஒழுங்கா நடிக்கத் தெரியல பெருசுக்கு. எடிட்டர் தூங்கிட்டாங்களா?" என்று கேட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தூங்கிய லட்சணம் என் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும் வளையங்களுக்குத் தெரியும்.

மூன்றாவதை ஒரு அம்மாள் எழுதியிருந்தார். அவருக்கு வாசகர்கள் அதிகம் இல்லை. 'இது நடிப்பே இல்லை. இதே நோயில் கிடந்த என் அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் நான். சும்மா இருக்கிற கைதான் நடுங்கும், வேலை கொடுத்தால் நிற்கும். அந்தப் பெரியவரை யாராவது டாக்டரிடம் கூட்டிப்போங்கள்' என்று எழுதியிருந்தார்.

"இவளுக்கு என்ன வந்துச்சு? நல்லா இருக்கற மனுஷனுக்கு நோயைக் கட்டிவிடறா" என்று அத்தை பொரிந்தார்.

"ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும்ல. விடு" என்றார் மாமா. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். அது என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

எழுந்து கை கழுவுவதற்குள் தயாரிப்பாளர் போன் செய்துவிட்டார். "மேடம், கப்பலுக்குக் கொட்டோ கொட்டுன்னு கொட்டினேன். கடைசியில ஒரு கைதான் ஓடுது. ஓடட்டும்! நடிப்பா நிஜமான்னு ஊரே அடிச்சுக்குது. எடுத்து வச்சதெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? ஷாட்டுக்கு முன்னாடி பின்னாடி அந்தக் கை எப்படி இருந்துச்சுன்னு காட்டி ஒரு மேக்கிங் வீடியோ பண்ணுங்க. நாளைக்கே போட்டுடுவோம்."

எனக்குக் கசக்குமா? கூலிங்கிளாஸின் வாயை அடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று குஷியாகத்தான் எடிட் ரூமுக்குப் போனேன்.

படத்தை வெட்டியபோது நான் பார்த்ததெல்லாம் 'ஆக்‌ஷ'னுக்கும் 'கட்'டுக்கும் நடுவில் இருந்ததைத்தான். மற்றதெல்லாம் எனக்குக் குப்பை. இப்போதுதான் குப்பையைத் திறந்தேன். கிளாப் கட்டை அடிக்கும் முன்பே மாமா கண்ணாடி முன்னால் நிற்கிறார். பக்கத்தில் லைட்டைத் திருப்புகிறார்கள், யாரோ திட்டுகிறார்கள், யாரும் அவரைப் பார்க்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த வலது கை நடுங்குகிறது. அவர் அதை இடது கையால் பிடித்துக்கொள்கிறார். அடுத்த டேக்கில் 'கட்' சொன்ன பிறகு எல்லாரும் கைதட்டுகிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் நுழைக்கிறார். பாக்கெட்டுக்குள்ளும் துணி ஆடுகிறது.

அந்தக் கையை எத்தனையோ தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தவள் நான். எங்கே வெட்டினால் அழகு என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கதவு தட்டப்பட்டது. மாமாதான். லேபிலிருந்து வெள்ளைக் கோட்டோடு அப்படியே வந்திருந்தார். திரையில் உறைந்து நின்ற தன்னைப் பார்த்தார்.

"பாத்துட்டியாம்மா?"

"எப்ப இருந்து மாமா?"

"ஷூட்டிங்குக்கு முன்னாடியே இருக்கு. டைரக்டர் தம்பி, 'கையை அப்படியே நெஞ்சுல வைங்க'ன்னாரு. வச்சேன். அது பாட்டுக்கு ஆடிடுச்சு. 'பிரமாதம் சார்'னு ஓடி வந்து கட்டிக்கிட்டாரு. அந்த நேரத்துல நான் என்னத்தைச் சொல்ல?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தெரிஞ்சவங்க இல்லாத இடமாப் பாத்துப் போய் ஒரு டாக்டர்கிட்ட காட்டினேன். அந்தம்மா எழுதியிருக்கறதுதான். மாத்திரை சாப்பிடறேன்."

"வீட்ல சொல்லிடலாம் மாமா."

"வேணாம். லேப் முதலாளி இன்னிக்கு அந்தம்மா எழுதினதைக் காட்டி, 'என்ன சார் இது'ன்னாரு. 'நடிப்புதான் சார்'னேன். 'அப்படியா? வீடியோ வருதாமே, பாக்கறேன்'னாரு." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கை நிக்கற இடமாப் பாத்து வெட்டிப் போட்டுடும்மா. உன்னால முடியும்ல?"

"ஊசி பிடிக்கும்போது எப்படி இருக்கு?"

"சமத்தா நிக்குது. ஊசியைப் பிடிச்சா பழைய கைதான். நிக்காத அன்னிக்கு நானே இந்தக் கோட்டைக் கழட்டி மாட்டிடுவேன், சத்தியமா. அதுவரைக்கும் விடு. வீட்ல உக்காந்து நான் என்னம்மா பண்ணுவேன்? உங்க அத்தைக்குத் தெரிஞ்சா மறுநாளே என்னைப் படுக்க வச்சு வாயில ஊட்ட ஆரம்பிச்சிடுவா."

நான் செய்ய மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தயாரிப்பாளர் வேறொருத்தரை உட்கார வைப்பார். அந்த வேறொருத்தர் இதே குப்பையைத் திறப்பார், பாக்கெட்டுக்குள் ஆடும் துணியைப் பெரிதாக்கி ஊருக்கே காட்டுவார். வீட்டில் சொல்லலாம் என்றால் மாமா எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

உட்கார்ந்து வெட்டினேன். சீப்பைப் பிடித்திருந்தபோது கை நின்றது, எடுத்துக்கொண்டேன். டீ டம்ளரைப் பிடித்திருந்தபோது நின்றது, அதையும் எடுத்துக்கொண்டேன். ஒரு டேக்கின் முடிவில் இன்னொரு டேக்கின் சிரிப்பை ஒட்டினேன். முன்னால் அசையாத கை, பின்னால் அசையாத கை, நடுவில் மட்டும் நடுக்கம். பார்க்கிற எவரும் கண்ணை மூடிக்கொண்டு நடிப்பு என்று சொல்வார்கள். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சுத்தமாக எதையும் வெட்டியதில்லை.

வீடியோ வந்ததும் சண்டை அடங்கிவிட்டது. பேப்பர்காரர், தான் அன்றே சொன்னதாக மறுபடி எழுதினார். கூலிங்கிளாஸ், "சரிப்பா, நடிப்புதான். ஆனா மட்டமான நடிப்பு" என்று அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் தான் எழுதியதை நீக்கிவிட்டு, ஒரு கலைஞரை நோயாளி என்று சொல்லிவிட்டதற்காக எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். மூன்று பேரில் சரியாகப் பார்த்தவர் அவர்தான். மன்னிப்புக் கேட்டவரும் அவர்தான். அவர் முகவரியைத் தேடி எடுத்து, நீங்கள் எழுதியது உண்மை என்று எழுதினேன், அனுப்பாமல் அழித்தேன். மறுநாளும் எழுதினேன், அழித்தேன்.

லேபில் மாமா நட்சத்திரமாகிவிட்டார். மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒரு நாள் போயிருந்தேன். சர்க்கரை பார்க்க வந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "சார், அந்த நடுக்கத்தை ஒரே ஒரு தடவை காட்டுங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். மாமா வலது கையை மேசைமேல் வைத்தார். பிடித்துவைத்திருந்ததை விட்டுவிட்டார், அவ்வளவுதான். கை தன்னால் நடுங்க ஆரம்பித்தது. எல்லாரும் கைதட்டினார்கள், லேப் முதலாளி உட்பட. மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நாள் முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்க அவருக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. நான் கண்ணாடியை வைத்துவிட்டு வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன்.

படம் தியேட்டரை விட்டுப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தைக்குச் சர்க்கரை உண்டு. வெறும் வயிற்றில் மாமாதான் வீட்டிலேயே ரத்தம் எடுப்பார். அத்தை வேறு யாரிடமும் கையை நீட்டமாட்டார். சாப்பாட்டு மேசையில் கையை நீட்டிக்கொண்டு, பசிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மாமா ரப்பர் பட்டையைக் கட்டினார், பஞ்சால் துடைத்தார், ஊசியை எடுத்தார்.

ஊசி ஆடியது.

முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. மாமா வெளியே எடுத்துவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி குத்தினார். தோலில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது, சிரிஞ்சுக்குள் ஒன்றும் ஏறவில்லை. ஒத்தக்குத்து இரண்டு தடவை குத்தியாகிவிட்டது.

"என்னங்க, என்கிட்டயேவா?" என்று அத்தை குலுங்கிச் சிரித்தார். "ஊருக்குக் காட்டினது பத்தலையா உங்களுக்கு?"

என் வீட்டுக்காரர் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார். "அப்பா, சூப்பர்! ஒன்ஸ் மோர்!"

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் அவர் மறுபடி குத்துவார். "அத்தை, இன்னிக்கு வேணாமே" என்று ஆரம்பித்தேன். மாமா கண்ணாலேயே வேண்டாம் என்றார். என் வீட்டுக்காரர் போனை என் பக்கம் திருப்பினார். நான் சிரித்தேன்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையை மேசைமேல் நீட்டினார். "இந்தாங்க, இதுல எடுங்க. விளையாடினது போதும். நடிக்காம எடுங்க."

மாமா ரப்பர் பட்டையை அவிழ்த்து அந்தக் கையில் கட்ட ஆரம்பித்தார்.