விளக்குப் பஞ்சு

தங்கையின் தலைக்கு அரப்புத் தேய்த்துக்கொண்டிருந்த சிவக்கொழுந்துவின் விரல், காதுக்குள் எதிலோ முட்டியது.

சுற்றிவரச் சேலை கட்டி மறைத்திருந்தார்கள். நடுவில் பலகையில் குணலட்சுமி. இரவு படுத்தவள் விடிய எழும்பவில்லை. சாவிலும் அவளுக்குச் சலுகை.

"குடுத்துவைச்சவ அக்கா," என்றாள் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நாகேஸ்வரி. "நித்திரையிலேயே முருகன் கூட்டிக்கொண்டு போட்டான்."

"ஓம்," என்றாள் சிவக்கொழுந்து.

'குடுத்துவைச்சவ' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வயிறு புகைந்தது. கந்தசட்டிக்கு ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாகக் கிடந்தவள் மூத்தவள். இளையவளோ மத்தியானம் சோறு தின்று, பின்னேரம் வாழைப்பழமும் உரிப்பாள். ஆனால் இரவில் பெரிய றோட்டில் ஆமி ஜீப் இரைந்தால், இணுவில் முருகனைக் கூவிக்கொண்டு பாயில் வியர்த்துக் கிடந்தது மூத்தவள். குறட்டை விட்டது இளையவள். விடிந்ததும், "முருகன் பாத்துக்கொள்ளுவான் அக்கா, நீ ஏன் அந்தரப்படுறாய்?" என்று ஒரு உபதேசம் வேறு. விரதம் ஒருத்திக்கு, அருள் மற்றவளுக்கு. கடவுளின் கணக்கே இப்படித்தான்.

விரலை வளைத்து இழுத்தாள். பஞ்சு வந்தது. நல்லெண்ணெயில் ஊறிய விளக்குத்திரிப் பஞ்சு. மற்றக் காதிலும் ஒன்று. ஜீப் இரைச்சலுக்கும் குறட்டை விட்ட வித்தை இதுதான்.

இரண்டையும் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். தங்கை செத்த வீட்டில் சிரிக்கக்கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்படியென்றால் போன வருஷக் கதையும் சரிவந்தது. விடியப்புறம் ஆமிக்காரர் வீடு சோதிக்க வந்தார்கள். துவக்கை நீட்டிச் சிங்களத்தில் கத்தினார்கள். படுக்கையால் எழுந்து வந்த குணலட்சுமி, வாசலை மறித்து நின்று செம்பில் தண்ணீரை நீட்டினாளாம். குடித்துவிட்டுப் போனார்களாம். ஊர் முழுக்க அதே கதை. அக்காக்காரி அந்த நேரம் கட்டிலுக்குக் கீழே கிடந்ததையும் ஊர் மறக்காமல் சேர்த்துச் சொன்னது.

காதடைப்புக்குப் பேர் தைரியமாம்!

"காதுக்குப் பஞ்சு வைக்கோணும் அக்கா," என்று நாகேஸ்வரி புதுப் பஞ்சை நீட்டினாள்.

"கொண்டா, நான் வைக்கிறன்."

பழையதை மடியில் செருகினாள். எடுத்துக் காட்ட ஆட்கள் சேரட்டும் என்று இருந்தாள்.

சேர்ந்தார்கள். கோயில் மனேச்சர் பரமலிங்கத்தார் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு எழும்பினார். அவர் எழும்பினால் பிரேதமும் பொறுமையாகத்தான் கிடக்கவேண்டும்.

"அச்சமில்லாத ஆத்மா! துவக்குக்கு முன்னாலை தனிச்சு நிண்ட சிவசக்தி! பக்தி எண்டால் அது. அடியேனும் அந்த வழியிலை..."

சிவக்கொழுந்துவின் கை மடிக்குப் போயிற்று. இதுதான் நேரம்.

"நாகேஸ், உனக்கு ஒண்டு தெரியுமே?"

"என்னக்கா?"

வாய் திறந்தபடி நின்றது. அன்று தங்கை தன் காதுக்குத்தான் பஞ்சு வைத்திருந்தாள். கண்ணுக்கு வைக்கவில்லையே. நீட்டின துவக்கை அவள் பார்த்துக்கொண்டுதானே நின்றாள்? கட்டிலுக்குக் கீழே கிடந்தபோது இவளுக்குத் தெரிந்தது தங்கையின் குதிக்காலும் சேலைக் கரையும்தான். கரை படபடவென்று ஆடியது. காற்று என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். புழுக்கத்தில் ஊரே அவிந்துகொண்டிருந்த மாதம் அது.

"என்னக்கா, சொல்லுங்கோவன்?"

"ஒண்டுமில்லை. வந்த சனத்துக்குத் தேத்தண்ணி குடுத்ததே?"

அப்போதுதான் வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முகப்பில் ஆமி ஜீப் வந்து நின்று இரைந்தது. பரமலிங்கத்தார், "ஆகையால்..." என்றார்; அதோடு இருந்துவிட்டார். அவருடைய ஆயுளிலேயே சுருக்கமான பேச்சு அதுதான். பாடைக்குக் கை கொடுக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இப்ப தூக்கவேண்டாம். அவங்கள் போகட்டும்," என்றது ஒரு குரல். குணலட்சுமியின் மகன் கதிரவேலு கொள்ளிச்சட்டியோடு விழித்தான்.

பெண்கள் வாசல் படலையோடு நிற்கவேண்டும் என்பது ஊர் வழக்கம். சிவக்கொழுந்து படலையை அகலத் திறந்தாள். தாண்டி ஒழுங்கையில் இறங்கினாள். பக்தியா, பாசமா என்றால் இரண்டுமில்லை. செத்துக் கிடக்கிறவளிடம் இன்னொருமுறை தோற்க அவளுக்கு மனமில்லை.

"முருகா, அவளுக்குக் குடுத்ததிலை மிச்சம் மீதி இருந்தால் தா," என்று முணுமுணுத்தாள். பிறகு திரும்பி, "தூக்குங்கோ தம்பியவை," என்றாள்.

நாகேஸ்வரி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, சேலையெல்லாம் ஆடுது. நடுங்குறியளே?"

"காத்தடி."

வேலிப் பூவரசில் ஒரு இலை அசையவில்லை.

பாடை வெளியே வந்தது. ஜீப்பில் இருந்தவன் ஒருவன் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். ஜீப் பின்னுக்கு ஒதுங்கி வழிவிட்டது.

"நான் அப்பவே சொன்னனான், முருகன் கைவிடான் எண்டு," என்றார் பரமலிங்கத்தார், கடைசி ஆளாக.

பொழுதுபட்டது. பிரேதம் கிடந்த இடத்தில் விளக்கு வைக்கத் திரி தேடினாள் சிவக்கொழுந்து. பஞ்சுப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. இதிலும் தங்கைதான் முந்திக்கொண்டாள்.

பெரிய றோட்டில் ஜீப் இரையத் தொடங்கியது. மடியில் இருந்ததை எடுத்தாள். கொஞ்சநேரம் காதுக்குக் கிட்டப் பிடித்திருந்தாள். பிறகு இரண்டையும் சேர்த்து முறுக்கி, விளக்கில் இட்டாள்.

எண்ணெய் முன்பே ஊறியிருந்தது. உடனே பற்றிக்கொண்டது.