நீல மருந்து

முந்தாநாள் மருந்தடித்துக் கருக்கிய கீரை இன்று காலையில் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. வாசுகி மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள். காற்று இல்லை. செம்பனை மட்டை ஒன்றுகூட அசையவில்லை. கீரை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, யாரோ இப்போதுதான் பறித்துவிட்டு நகர்ந்ததுபோல.

காஹாங் ஊரைத் தாண்டி உள்ளே போகிற அந்தத் தோட்டத்தில், ஓடையை ஒட்டி நீளமாக ஒரு துண்டு நிலம். வாசுகி பிறந்த லயம், தோட்டத்துக் கூலிச் சனங்களின் வரிசை வீடுகள், அங்கேதான் இருந்தது. மறுநடவு என்று சொல்லி லயத்தை இடித்தார்கள். சனங்களைக் குளுவாங் மலிவு வீடுகளுக்கும் காஹாங் கடைத்தெருவுக்குப் பின்னாலும் விரட்டினார்கள். விரட்டினோம் என்று யாரும் எழுதமாட்டார்கள். இடமாற்றம் என்று எழுதுவார்கள். தகரமும் பலகையும் லாரியில் போயின. வீடுகளுக்குப் பின்னால் சனங்கள் போட்டிருந்த காய்கறித் தோட்டம் மட்டும் போகவில்லை.

போகவில்லை என்றால், கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்தது என்று அர்த்தமில்லை. தானாகவே திரும்ப முளைத்தது, அதுவும் வீட்டுக்கு வீடு பிரிந்து முளைத்தது. மணியம் வீடு இருந்த இடத்தில் பாகல். ராஜம்மா வீட்டுக்குப் பின்னால் பொன்னாங்கண்ணி. வாசுகி வீட்டுப் பக்கம் மரவள்ளி. நடுவில் வேலி கிடையாது, சுவர் இடிந்து மண்ணாகிவிட்டது. ஆனாலும் ராஜம்மாவின் கீரை ஒருநாளும் மணியத்தின் எல்லைக்குள் கால் வைக்கவில்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் ஆகாது என்பது லயத்துக்கே தெரியும். செடிக்கு யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சனம் வந்து பறித்துக்கொண்டு போகும். ஓடைக்கு மேலே உள்ள ஜக்கூன் பழங்குடிச் சனத்தின் கம்பத்திலிருந்து பூங்காவும் வருவாள். மலாயில் பூ என்று பொருள்படும் அவள் பெயரைத் தோட்டத்துச் சனம் பூங்கா ஆக்கி, “உன்கிட்ட ஊஞ்சல் எங்க, சறுக்குமரம் எங்க” என்று கேலி பண்ணியே அவளுக்குத் தமிழ் பழக்கிவிட்டது. மரவள்ளிக் குச்சி அவள் சனம் கொடுத்தது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி நின்றபோது லயம் உயிரோடு இருந்தது அந்தக் கிழங்கால்தான். அவர்களுடைய காட்டை அழித்துத்தான் தோட்டம் வந்தது. அழிக்க ஆள் பிடித்துக்கொண்டு வந்தது தமிழனை. இரண்டு பேருக்கும் நிலத்தில் பாத்தியதை இல்லை. நட்டுத் தின்கிறதை மட்டும் இதுவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது கேட்டார்கள். செம்பனை எண்ணெய்க்குச் சான்றிதழ் கொடுக்கிற வெளிநாட்டு ஆட்கள் வரப்போகிறார்கள். ஓடைக்கரையில் அனுமதியில்லாத பயிர் இருந்தால் சான்றிதழ் கிடைக்காது. ஆற்றோரம் இயற்கையாக இருக்கவேண்டுமாம். அதற்காக ஆற்றோரத்தில் நஞ்சு தெளிக்கவேண்டுமாம். இந்த வேலைக்கு வாசுகி பொறுப்பு. சுற்றுச்சூழல் படித்த பெண், தமிழ் பேசும், சனங்களைச் சமாளிக்கும் என்றுதான் எடுத்தார்கள். லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை என்று கோயிலில் அவளுக்கு மாலை போட்டிருந்தார்கள். அந்த மாலை போட்ட கைகள் நட்டதைத்தான் அவள் கருக்கிக்கொண்டிருந்தாள். மூன்று முறை கருக்கியாயிற்று.

நிர்வாகி விஜயேந்திரன் பரம்பரையாகத் தோட்ட அலுவலகத்துக் குடும்பம். பாட்டன் கிராணி, அப்பா பெரிய கிராணி. அவர் கத்தமாட்டார். கத்தாமலே சொல்வார், தோட்டத்துச் சனம் பேசாத வேறொரு தமிழில்.

“இங்க பாரும் வாசுகி. அடிச்சா சாகணும். சாகலைன்னா நீர் சரியா அடிக்கலைன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகினம். அதுக்குள்ள கிளீனா இருக்கோணும்.”

சரியாகத்தான் அடித்தார்கள். பம்பு சுமக்கிற வங்காளதேசத்துப் பையன்கள் நீலமான தண்ணியைக் கலந்து அடிக்கும்போது அவள் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். இலை சுருண்டு, பழுத்து, தரையோடு ஒட்டியதைப் பார்த்திருக்கிறாள். யாராவது பறித்துத் தின்றுவிடக்கூடாதே என்று அவளே ஒரு பலகையும் எழுதி வைத்தாள். தமிழில் ‘மருந்து அடிக்கப்பட்டது’ என்றும், மலாயில் ‘ஊபாட்’ என்றும்.

பூங்கா அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“ஊபாட்தானே? மருந்துதானே? குடுங்க லா. பாவம், நல்லா வளரட்டும்.”

சொல்லிவிட்டு ஒரு மடி நிறையப் பறித்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பறித்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

குளுவாங்கில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் ரூபினி, வாசுகியோடு படித்தவள். வாசுகி அவளிடம் இலையும் மண்ணும் கொடுத்து அனுப்பியிருந்தாள். அன்று மத்தியானம் ரூபினி போனில் கூப்பிட்டு, எங்கேயிருந்து எடுத்தாய் என்று கேட்டாள். இலையில் ஒன்றுமில்லையாம், மண்ணில் ஒன்றுமில்லையாம், கடையில் விற்கிற கீரைகூட இவ்வளவு சுத்தமாக இருக்காதாம். நீ மருந்தே அடிக்கவில்லை, பொய் சொல்கிறாய் என்றாள். வாசுகி போனை வைத்தாள். டிரம் டிரம்மாக ஊற்றியது இலையிலும் இல்லை, மண்ணிலும் இல்லை என்றால், எங்கே போனது?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பதில் அடுப்படியில் நின்று மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தது.

அம்மா அங்கம்மா கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து பம்பு சுமந்தவள். கையுறை கிடையாது, மூக்குக்குத் துணி கிடையாது. டிரம்மின் மேல் ஆங்கிலத்தில் வேறு பெயர் இருந்தது. சுமக்கிறவர்களுக்கு மருந்து என்று சொல்லிக் கொடுத்தார்கள். மருந்துதானே என்று ஓடையில் கையை அலசிவிட்டு அதே கையால் சாப்பிட்டார்கள். கூட அடித்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் செத்துப் போய்விட்டார்கள். அம்மா மிஞ்சினாள். ஆனால் நாக்கில் ருசி போய், மூக்கில் வாசனை போய் வெகுகாலம் ஆயிற்று. சமைப்பாள், கண்ணால் பார்த்து உப்புப் போடுவாள், சரியா என்று மகளைக் கேட்பாள், எப்படி இருந்தாலும் வாசுகி சரி என்பாள்.

முதல் தடவை ஓடைக்கரையில் அடித்த அன்றே அம்மாவின் நகக்கண்ணில் நீலம் ஏறியிருந்தது. ஏதோ மை ஒட்டிக்கொண்டது என்று வாசுகி நினைத்தாள். இரண்டாம் தடவைக்குப் பிறகு விரல் நுனி. இப்போது ஆவி பறக்கும் சட்டிக்கு மேலே நீட்டிய கையைப் பார்த்தாள். மணிக்கட்டுவரை, தோலுக்கு அடியில், டிரம்மில் இருக்கிற அதே நீலம்.

“அம்மா, நீ தோட்டத்துப் பக்கம் போனியா?”

“நான் எங்கடி போறேன், இந்த முட்டிய வச்சிக்கிட்டு.”

“கை வலிக்குதா?”

“வலி இல்ல. கனமா இருக்கு. பம்பு தூக்குன மாதிரி.” அம்மா கிழங்கை ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு மென்றாள், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். “உப்பு சரியா பாரு.”

வாசுகிக்குப் புரிந்தது. அந்த மண் நஞ்சைக் குடிக்கவில்லை. அதற்கு எப்போதும் என்ன சொல்லப்பட்டதோ அதைத்தான் நம்பியது. மருந்து என்றார்கள், மருந்தாக எடுத்துக்கொண்டு தழைத்தது. அதில் நஞ்சாக இருந்த பங்கு, வழக்கமாக யாரிடம் போகுமோ அவர்களிடமே போனது. மருந்து என்று நம்பிச் சுமந்தவர்களில் மிச்சமிருக்கிற உடம்புக்கு. இன்னொரு தடவை அடித்தால் நீலம் முழங்கையோடு நிற்குமா, நெஞ்சுக்கு ஏறுமா? படித்தவள் இப்படியெல்லாம் யோசிக்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அம்மாவின் கை அதைக் கேட்கவில்லை.

மறுநாள் அவள் போவதற்குள் விஜயேந்திரன் அங்கே நின்றிருந்தார். பையன்கள் பம்பை நிரப்பிவிட்டார்கள். அடிக்கவேண்டாம் என்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. பையன்களுக்குக் கையைக் காட்டினார். நீ விலகினால் வேறு ஆள் நின்று அடிப்பான், அவ்வளவுதான் என்கிற கை அது.

அவள் பலகையிடம் போனாள். ஓடைச் சேற்றை அள்ளி ‘மருந்து’ என்ற சொல்லின்மேல் அப்பி மறைத்தாள். அதன்மேல் விரலால் ‘விஷம்’ என்று எழுதினாள். ஊபாட்டை அழித்து, விஷத்துக்கு மலாய்ச் சொல்லான ‘ராச்சூன்’ என்று எழுதினாள். பிறகு பையன்களிடம் திரும்பி, இதை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டாள்.

“ஒஷூத்,” என்றான் ஒருவன். மருந்து. அவன் ஊரிலும் அதேதான். சுமக்கிறவனுக்கு எல்லா ஊரிலும் ஒரே பொய்.

“விஷத்துக்கு என்ன சொல்லுவீங்க?”

அவன் தோளிலிருந்த பம்பைப் பார்த்தான். “பிஷ்.”

“இது பிஷ்,” என்றாள் அவள். பிறகு அந்தத் துண்டு நிலத்தைப் பார்த்து, வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதுபோல ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். “மணியம் மாமா, இது விஷம். ராஜம்மாக்கா, இது விஷம். மருந்துன்னு சொன்னது பொய்.”

கீரை ஆடுவது நின்றது.

“வெயில் தலையில ஏறிட்டுது போல,” என்றார் விஜயேந்திரன். “அடிங்கடா.”

அடித்தார்கள். நீலத் தூறல் இலைமேல் விழுந்தது. விழுந்து, சேம்பிலையில் விழுந்த தண்ணீர்போல உருண்டது. மண்ணில் விழுந்தது மண்ணுக்குள் இறங்கவில்லை. மணி மணியாகத் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, மேட்டை நோக்கி, ஆம், மேட்டை நோக்கி, மெதுவாக நகர்ந்தது. ஓடைப்பக்கம் ஒரு சொட்டும் போகவில்லை. அது விஜயேந்திரனின் கால் சப்பாத்தைச் சுற்றிக்கொண்டு ஏறி, புதுச் செம்பனைகளுக்கு நடுவே வெட்டியிருந்த கான் வாய்க்காலில் போய்த் தேங்கியது. பம்பு காலியான பிறகும் கானில் நீலம் ஏறிக்கொண்டே இருந்தது. இன்று அடித்ததைவிட அதிகமாக. இந்த நிலத்தில் என்றைக்கெல்லாம் அடித்தார்களோ அதெல்லாம் திரும்பி வருவதுபோல.

பையன்கள் பம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். விஜயேந்திரன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். “என்ன செய்தனீர்?” என்று கேட்டார். அவர் குரலில் முதன்முறையாக அதிகாரம் போய்த் தமிழ் மட்டும் இருந்தது.

“பேர மாத்தினேன் சார்.”

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் வந்து அந்தக் கானைப் பார்க்கட்டும். எதைக்கொண்டு மூடினாலும் அது மண்ணுக்குள் இறங்காது.

வீட்டில் அம்மா சமையல் மேடையோரம் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கைச் சுருக்கினாள். அந்த முகச்சுழிப்பை வாசுகி சின்ன வயதுக்குப் பிறகு பார்த்ததே இல்லை.

“என் கையில ஏதோ நாத்தம் அடிக்குதுடி. மோந்து பாரு. என்னடி இது?”

ஓடைக்கரையில் ஊரைக் கூப்பிட்டுச் சொன்னவளுக்கு இங்கே வாய் வரவில்லை. மண்ணுக்குச் சொல்லலாம். வாழ்நாள் முழுக்க இதைச் சுமந்து, இதில் அவளைப் படிக்கவைத்தவளுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த உடம்பு என்ன செய்யும் என்றும் தெரியாது.

அம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மருந்து இல்லதானே?”

வாசுகி தலையை ஆட்டினாள். இல்லை.

“எனக்குத் தெரியும்,” என்றாள் அம்மா. “வெசம். எல்லாருக்கும் தெரியும். சொன்னா எப்படித் தூக்குறது?”

அந்தச் சொல் வெளியே வந்ததும் அவள் விரல் நுனிகளில் நீலம் முத்து முத்தாகக் கட்டியது. நகக்கண்ணிலிருந்து, மணிக்கட்டிலிருந்து, பிறகு நெற்றியிலிருந்து. வாசுகி பேசினை ஏந்திப் பிடித்தாள். பேசின் நிறைந்தது. இன்னொன்றை எடுத்தாள். அம்மாவின் கை மெல்ல மெல்ல வெளுத்து, சுருங்கி, வயசான ஒரு பெண்ணின் சாதாரணக் கையாயிற்று. மூச்சு இருக்கிறதா என்று வாசுகி பார்த்துக்கொண்டே இருந்தாள். இருந்தது.

வெகுநேரம் கழித்து அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கழுவிய கையால் தட்டிலிருந்த கிழங்கை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

“இத்தன வருஷமா இதையாடி தின்னீங்க?” என்றாள். “உப்பே இல்ல.”